மலைக்கிழங்குக்கு எத்தனை பாயிண்ட்

“சரி, ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து இன்னா பண்ணுவ?”

“அதான் மாமா தெரியல.”

“தெரியாததுக்கு எதுக்குப் புள்ள மெட்ராசு வரைக்கும் போவணும்? தெரியாம இருக்கிறத இங்கயே இருந்துகினு பண்ணலாமே.”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, அய்யப்பன் லாரியின் முன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். என் கணவர். கல்வராயன் மலைக்குக் காலையில் காலி வண்டியாக ஏறி, சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கோடு இறங்குவார். கிழங்கு வந்து சேரும், அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியில்தான் எனக்கும் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதே இந்த கேட் வாசலில்தான், காலை ஏழு மணிக்கு.

“அந்த எம்.பி.ஏ. லெட்டர எடுத்தாந்தியா?”

“பையிலதான் இருக்கு.”

“திங்கக்கெழம அஞ்சு மணிக்குள்ளயா?”

“ஆமா. சர்ட்டிபிகேட்டோட நேர்ல போய் நிக்கணும். இல்லாட்டி சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

அவர் டயரை விட்டு நிமிர்ந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: “போவாதேன்னு சொல்ல மாட்டன். ஆனா படிச்சிட்டு வந்து உங்க மேனேஜர் ரகுநந்தன் சார் மாதிரி ஆயிட்டன்னு வச்சிக்க, வூட்ல சோத்துக்கு பதிலா சார்ட்டு போட்ருவ. அதான் பயம்.”

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எனக்கும் பயம் அதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

*

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இந்த ஃபேக்டரியில் மூன்று வருடமாக நான் பாயிண்ட் பார்க்கிறேன். லோடு வந்ததும் நாலைந்து இடத்திலிருந்து கிழங்கை எடுத்து, மண்ணைத் தட்டி, சரியாக ஐந்து கிலோ நிறுக்க வேண்டும். அதைக் கம்பிக் கூடையில் போட்டு, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் முக்க வேண்டும். தொட்டிக்கு மேலே உத்தரத்தில் தொங்கும் தராசு, தண்ணீருக்குள் அந்தக் கிழங்கு எவ்வளவு எடை என்று காட்டும். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீரிலும் கனமாக இருக்கும். மாவு இல்லாதது மிதக்கப் பார்க்கும். தராசில் வரும் எடைக்கு அட்டவணையில் ஒரு எண். அதுதான் பாயிண்ட், அதை வைத்துத்தான் விலை. ஒரு விவசாயியின் ஒரு வருட உழைப்பு நல்லதா கெட்டதா என்று அந்த எண் சொல்லிவிடும்.

சமவெளிக் கிழங்கு இருபத்தேழு வரும். மலைக்கிழங்கு இருபத்துநாலைத் தாண்டாது. நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். மலையிலிருந்து வருகிறவர்களே, “எங்க மண்ணு அவ்ளோதாம்மா” என்பார்கள்.

எட்டு மாதம் முன்பு மேனேஜராக வந்த ரகுநந்தன் சார் சென்னைக்காரர், எம்.பி.ஏ. மூன்று வருடப் பதிவேடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு சார்ட் போட்டிருந்தார். ஊர் வாரியாக. சமவெளிக்கு நீலக் கம்பம், மலைக்குச் சிவப்புக் கம்பம். சிவப்பெல்லாம் குட்டையாக நின்றது. அடுத்த சீசனிலிருந்து மலை லோடு வாங்க வேண்டாம் என்று கீழே இரண்டு வரி. வியாழக்கிழமை அதை என்னிடம் கொடுத்து, ஆபீஸ் ரூமில் ஒட்டச் சொன்னார்.

ஒட்டவில்லை. பதிவேடுகளோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அழகாக இருந்தது, அதுதான் கஷ்டம். மூன்று வருடமாக நானே என் கையால் எழுதிய எண்கள். ஆனால் அவற்றை இப்படி வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதே சமயம் ஒன்று உறுத்தியது. மலை லோடு எப்போது வரும்? காலையில் பிடுங்கி, மூட்டை கட்டி, ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கி, நாலு மணிக்கு முன்னால் ஒரு வண்டியும் வந்ததில்லை.

லோடு வந்த மணியும் எழுதியிருந்த பதிவேடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, சார்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கம்பங்கள் வரைந்தேன். ஊர் வாரியாக இல்லை, மணி வாரியாக. காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. எந்த ஊர் லோடாக இருந்தாலும் சரி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பங்கள் படிக்கட்டு மாதிரி இறங்கின. சமவெளி ஊரான வடக்கனந்தல் கிழங்குகூட, சாயங்காலம் வந்த நாட்களில் மலைக்கிழங்காக மாறியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து ஒரு குடத்தைக் கொண்டுபோனேன். காலையில் தொட்டித் தண்ணீரை மொண்டு நிறுத்தேன். சாயங்காலம் அதே குடம், அதே அளவு. தொண்ணூறு கிராம் கூடியிருந்தது.

நாள் முழுக்க முங்கி எழுந்த கிழங்குகளின் மண்ணும் பாலும் அதில் கரைந்திருந்தன. கெட்டியான தண்ணீர் கிழங்கை அதிகம் தூக்கும். தூக்கினால் எடை குறையும். எடை குறைந்தால் பாயிண்ட் குறையும். பத்தாம் வகுப்புப் பாடம். மூன்று வருடமாக அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நின்றிருக்கிறேன்.

*

சனிக்கிழமை பத்து மணிக்கு, கேட்டுக்கு எதிரே டீக்கடை டி.வி.யில் டெல்லியைக் காட்டினார்கள். பெரிய படிப்புகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடம் ஒதுக்கக் கூடாது என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டார்கள். அந்த மே மாதம் முழுக்க இதே காட்சிதான்.

என் அம்மா செல்லியம்மாள் டீ கிளாஸோடு நின்று பார்த்தார். அவருக்கும் இதே ஃபேக்டரியில்தான் வேலை. களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கூட்டி அள்ளுவது.

“இன்னாத்துக்கு டாக்டர் புள்ளைங்க கூட்டுதுங்க?”

“அதான்மா போராட்டம்.”

“கூட்றது போராட்டமா?” அம்மா கக்கத்திலிருந்த விளக்குமாற்றைக் காட்டினார். “அப்ப நான் பதினஞ்சு வருசமா போராட்டம் பண்ணிக்கினு இருக்கன். எவனும் டி.வி.ல காட்டலியே.”

கடையே சிரித்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரகுநந்தன் சாரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு சீட் வந்திருக்காமே, தமிழ்மொழி. கங்கிராட்ஸ். கோட்டாவுலயா?”

அவர் குத்த நினைத்துக் கேட்கவில்லை. நான்கு நாளாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கடிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் எம்.பி.சி. என்று மூன்று எழுத்து இருந்தது. அந்த எழுத்துகள் இல்லாவிட்டால் கடிதம் வந்திருக்குமா? போய் உட்கார்ந்தால் அங்கே எல்லாரும் இப்படித்தான் கேட்பார்களா? கேட்டால், அந்த நாற்காலியில் உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று சொல்வேன்?

அம்மா சொன்னார், டி.வி.யைப் பார்த்தபடியே: “ஆமா சார், கோட்டாதான். அந்தக் கோட்டாவுக்கு இவ அப்பன் ரோட்டு மறியல்ல படுத்து, இருவது நாளு கடலூர் ஜெயில்ல களி துன்னுட்டு வந்தாரு. எம்பத்தேழுல. இவளுக்கு அப்ப ஏழு வயசு. சும்மா வரல.”

ரகுநந்தன் சார் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. அம்மா இதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீக்கடையில், ஒரு மேனேஜரிடம், போகிற போக்கில். சொல்லிவிட்டு அவர் களத்துக்குப் போய்விட்டார். நான் வாசித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் யாராவது பெரிய முடிவு எடுக்கும்போது வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். எனக்கு வாய்த்தது கத்திரி வெயிலில் காயும் ஜவ்வரிசிக் களம். கண் கூசும் வெள்ளையில் அம்மா தூரத்தில் ஒரு புள்ளியாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் சார்ட்டை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன்.

*

முதலாளி ஆதிமூலம் கெட்டவர் இல்லை. ஆனால் யார் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் காதைக் கொடுப்பார். தொட்டித் தண்ணீர் கலங்குகிறது, மாற்றலாமா என்று இந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை அவரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் “உன் வேலையப் பாரும்மா” என்றுதான் பதில் வந்தது.

இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ரகுநந்தன் சாரின் சார்ட்டை மேஜையில் விரித்தேன். பிறகு அதைத் திருப்பிப் போட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் படிக்கட்டு இறங்கினார்.

“இது யாரு போட்டது?”

“நான்தாங்க மொதலாளி.”

“ரகு! இங்க வாங்க.”

ரகுநந்தன் சார் வந்தார், பார்த்தார், ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அவரும் விரலால் ஒவ்வொரு கம்பமாகத் தொட்டார். “எந்த ஊருன்னு பார்த்தேன். எத்தனை மணின்னு பார்க்கலை” என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

“தண்ணியாலன்னு இன்னா நிச்சயம்?” என்றார் முதலாளி.

“சாயங்காலம் மல லோடு வரசொல்ல காட்றேங்க. ஆனா ஒண்ணு. தொட்டியக் காலி பண்ணணும்.”

அவர் முகம் மாறியது. அந்தத் தொட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. அவருடைய அப்பா காலத்திலிருந்து, காலையில் மஞ்சள் போட்டு, கற்பூரம் காட்டி ஒரு முறை நிரப்புவது. இரவு கடைசி லோடு போன பிறகுதான் திறந்துவிடுவது. நடுவில், வாசலில் ஒரு லோடு நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால், வந்த லட்சுமியைக் கொட்டிவிட்டதாக அர்த்தம். நல்லதுக்காக வைத்த வழக்கம்தான். தினம் காலையில் வந்தவர்களுக்கு லட்சுமியும் சாயங்காலம் வந்தவர்களுக்குச் சேறும் கிடைத்துக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

“லோடு நிக்கசொல்ல தொட்டியத் தொறக்கச் சொல்றியா நீ?”

“ஆமாங்க.”

“சாயங்காலம் பாப்போம்” என்றார். பார்ப்போம் என்றால் அவர் அகராதியில் மாட்டேன் என்று அர்த்தம்.

*

நாலரைக்கு அய்யப்பனின் லாரி வந்தது. கிழங்கு மேலே வேடியப்பனும் பெரியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் வெள்ளிமலைப் பக்கத்து விவசாயிகள், வருடா வருடம் இங்கேதான் போடுவார்கள். பெரியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். லாரியிலிருந்து ஆண்களுக்கு முன்னால் குதிப்பார்.

“இன்னா பாப்பா, எங்களுக்கு இருவத்து நாலு எழுதியே வச்சிருப்பியே. நிறுக்க வேற வேணுமா?”

“இன்னைக்கு ரெண்டு தடவ நிறுக்கலாங்க்கா.”

விஷயம் எப்படியோ பரவியிருந்தது. கொதிகலன் ஆட்கள், தோல் சீவும் பெண்கள், டீக்கடைக்காரர் வரை தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முதலாளியும் வந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

முதலில் பெரியம்மாளின் கிழங்கு. ஐந்து கிலோ, கூடை, தண்ணீர். இருபத்துநாலு.

“நான்தான் சொன்னனே” என்றார் பெரியம்மாள்.

ரகுநந்தன் சார் சட்டென்று முன்னால் வந்தார். “காலைல தியாகதுருகம் லோடு வந்துச்சே. அதுல அஞ்சு கிலோ எடுத்து இதே தண்ணில போடுங்க.”

காலையில் எட்டு மணிக்கு நானே நிறுத்து இருபத்தேழு எழுதிய சமவெளிக் கிழங்கு. இப்போது முக்கினேன். முள் ஆடி நின்றது. இருபத்துநாலு.

சலசலப்பு கிளம்பியது. முதலாளி மட்டும் தலையை ஆட்டினார். “வெயில்ல கெடந்துச்சு. வாடியிருக்கும்.”

சரியான கேள்விதான். வாடின கிழங்கா, கெட்ட தண்ணீரா? தொட்டியைத் திறக்காமல் இதற்குப் பதில் இல்லை. நான் அடியிலிருந்த மரக்கட்டை அடைப்பைப் பார்த்தேன். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். அடைப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. தொட்டால் மூன்று வருட வேலை போகும். நான் சொன்னது தப்பாக இருந்தால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு சென்னையில் போய் நிற்பேன்?

“கொஞ்சம் நவுறு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா. விளக்குமாற்றின் அடிக்கட்டையால் அடைப்பை ஒரு தட்டுத் தட்டினார். அது பொத்தென்று உள்ளே போனது. பழுப்புத் தண்ணீர் எங்கள் கால்களுக்கு நடுவே ஓடியது.

“செல்லியம்மா!” என்றார் முதலாளி.

“கூட்றவ நானு. சேறு இருந்தா தள்ளிவுட்றது எங் வேல. லட்சுமி சேத்துலயா உக்காந்துகினு இருப்பா மொதலாளி?”

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். கீழே பார்த்தார். தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு, தயிர் மாதிரி, சேறு படிந்திருந்தது. தினமும் இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டார்களே தவிர, அதை யாரும் வழித்ததே இல்லை. அவர் பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

அய்யப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி வழித்தார். வேடியப்பன் பைப்பைப் பிடித்தார். மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்ப இருபது நிமிடம் ஆனது. அதற்குள் முதலாளியே போய்க் கொஞ்சம் மஞ்சள்தூள் எடுத்து வந்து, யாரையும் பார்க்காமல், தண்ணீரில் தூவினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதே கூடை. பெரியம்மாளின் அதே கிழங்கு. முக்கினேன்.

முள் இருபத்துநாலுக்கான எடையில் நிற்கவில்லை. இருபத்தைந்துக்கான எடையிலும் நிற்கவில்லை. மெதுவாக, கூச்சப்படுகிற மாதிரி, ஏறிக்கொண்டே போய் இருபத்தேழுக்கான எடையைத் தொட்டு நின்றது.

“சத்தமாச் சொல்லு புள்ள!” என்று கத்தினார் அய்யப்பன். முழங்கால் வரை சேறு.

“இருவத்தேழு!”

அவர் அடித்த விசிலில் களத்துக் காக்காய்கள் எல்லாம் எழுந்தன. தோல் சீவும் பெண்கள் குலவை போட்டார்கள். வேடியப்பன் அட்டவணையை என் கையிலிருந்து பிடுங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த எண்ணைத் தேடினார். “எங்க மண்ணு! எங்க மண்ணுடா!” என்று லாரியின் பக்கப் பலகையில் படபடவென்று தட்டினார். பெரியம்மாள் மட்டும் அசையாமல் நின்று தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் மறுபடி கீழே இறங்கிவிடுமோ என்று காவல் காக்கிற மாதிரி.

ரகுநந்தன் சார், தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அவரே ஒட்டியிருந்த தன் சார்ட்டின் இன்னொரு நகலைக் கிழித்து, நாலாக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். என்னிடம் வந்து கேட்டார்: “இன்டர்வியூல இதைச் சொன்னீங்களா?”

“அப்ப எனக்கே தெரியாது சார்.”

“கிளாஸ்ல சொல்லுங்க. எனக்கு யாரும் சொல்லலை.” நகர்ந்தவர் திரும்பினார். “காலைல கேட்டது... சாரி.”

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இனிமே ரெண்டு மணிக்கொருக்கா தண்ணி மாத்தணும். எழுதி ஒட்டு. மல லோடு வழக்கம்போல வரட்டும்.” பிறகு குரலை இறக்கினார். “மொழி, நீ எதுக்கும்மா மெட்ராசு போற? ஆபீஸ் ரூம்ல சேர் போடச் சொல்றன். ரகுவுக்குப் பக்கத்துலயே. நீ படிக்காமயே கண்டுபுடிச்சிட்டியே.”

நான்கு நாளாக எனக்குள் இருந்த கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. அவருக்குத் தெரியாமலே தீர்த்துவைத்தார்.

“படிக்காமயே ரெண்டு தடவ சொன்னங்க மொதலாளி. நீங்க கேக்கல. சார் போட்ட மாதிரி பேப்பர்ல போட்டாந்ததும் கேட்டீங்க. அந்தப் பேப்பர் சாருக்கு முழுசாத் தெரியும். எனக்குப் பென்சில்ல அர கொறையாத் தெரியும். தொட்டி எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சா எப்டி இருக்கும்னு பாக்கணும். அதுக்குத்தான் போறன்.”

சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா விளக்குமாற்றை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அய்யப்பன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே, “நாயித்துக்கெழம ராத்திரி பஸ்ஸு ஏத்திவுட வர்றன். சார்ட்டு மட்டும் வூட்ல போடக் கூடாது, இப்பவே சொல்ட்டன்” என்றார்.

“சரி போ. தடுக்கல” என்றார் முதலாளி. “ஆனா படிச்சிட்டு இங்கதான் வரணும். வேற எவனும் உன்ன எடுத்துக்கக் கூடாது.”

நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மாள் தராசிலிருந்து கண்ணை எடுத்தார். நேராக என்னிடம் வந்து, ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். களத்தில் வெயில் சாய்ந்து ஜவ்வரிசி எல்லாம் மஞ்சளாகியிருந்தது. அதற்கு அப்பால் மலை நீலமாக நின்றது. முதலாளி பக்கத்திலேயே நிற்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“பாப்பா, எங்க கெழங்கு இருவத்தேழுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அத எதுக்கு நாங்க இத்தன வளைவு எறங்கித் தூக்கினு வரணும்? நீ படிச்சிட்டு வந்து, மல மேலயே, எங்க ஊர்லயே, இதே மாதிரி ஒரு ஃபேக்டரி போட்டுக் குடுக்கிறியா?”